மாடல் ரயில் விலை ஏன் இப்படி ஏறிவிட்டது, இனிமேல் ஆரம்பிக்கலாமா?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். பத்து வயது மகனுக்கு ரயில் என்றால் உயிர். அவனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஹாபி கடைக்குப் போயிருக்கிறார். ஒரு எச்ஓ (HO, நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவு) டீசல் இன்ஜின் 320 டாலர், ஒரே ஒரு சரக்குப் பெட்டி 55 டாலர் என்று பார்த்ததும் மலைத்துப்போய் வெறுங்கையோடு திரும்பிவிட்டார். "இது இனி பணக்காரர்களுக்கு மட்டும்தானா? ஏன் இவ்வளவு விலை? நான் ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?" என்பது கேள்வி.

ஆரம்பிக்கலாம். ஆனால் அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். நான் இருபது வருஷத்துக்கு மேலாக எச்ஓ ஓட்டுகிறேன், இந்த விலையேற்றத்தை ஒவ்வொரு படியாகப் பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1937-ல் லயனல் என்ற பொம்மை ரயில் கம்பெனி 700ஈ என்று ஒரு ஹட்சன் நீராவி இன்ஜின் விட்டது, விலை 75 டாலர். அதற்கு அடுத்த வருஷம்தான் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட். அந்தக் கூலிக்கு வேலை செய்தவர் அந்த இன்ஜினை வாங்க 300 மணி நேரம் உழைக்க வேண்டும். இன்றைய மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், நீங்கள் பார்த்த 320 டாலர் இன்ஜினுக்கு 44 மணி நேரம். அதாவது, இந்தப் பொழுதுபோக்கின் உச்சாணிக் கொம்பு எந்தக் காலத்திலும் சாதாரண ஆளுக்கு எட்டியதில்லை. "அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு" என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அவர்கள் சொல்வதில் உண்மையும் இருக்கிறது. அன்றைக்கு உச்சிக்குக் கீழே ஏறிப்போக நிறையப் படிகள் இருந்தன. முக்கியமான படி ஏதெர்ன் கம்பெனியின் நீலப் பெட்டி. அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்த எச்ஓ ஆர்வலரிடம் "ப்ளூ பாக்ஸ்" என்று சொன்னாலும் முகம் மலர்ந்துவிடும். உள்ளே, நாமே சேர்த்துக்கொள்ளும் கிட்டாக, ஒரு பிளாஸ்டிக் உடல், ஒரு அடித்தட்டு, எடைக்கு ஒரு இரும்புத் தகடு, சக்கரம், வண்டிகளைக் கோக்கிற கப்ளர், நாலு திருகு. பெட்டியைக் குலுக்கினாலே வண்டி சேர்ந்துவிடும் என்பார்கள், அவ்வளவு சுலபம். ஒரு பையன் தன் கைச்செலவுக் காசில் சனிக்கிழமை ஒன்று வாங்கி, அரை மணி நேரத்தில் சேர்த்து, அன்றைக்கே ஓட்டலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே வரிசையில் டீசல் இன்ஜின் இருபது முப்பது டாலருக்குக் கிடைத்தது. பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் 1990-ன் ஒரு டாலர் இன்றைக்கு இரண்டரை டாலர் மாதிரி. அப்படிப் பார்த்தாலும் அந்த இன்ஜின் இன்றைய காசில் 50 முதல் 75 டாலருக்குள் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் அந்தச் சரக்கே இன்று இல்லை. 2004-ல் ஏதெர்ன் கைமாறியது, அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கிட்டுகள் நின்றுபோயின. அதைத்தான் நான் இந்தப் பொழுதுபோக்குக்கு நேர்ந்த பெரிய இழப்பாக நினைக்கிறேன். 320 டாலர் இன்ஜின் இருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை, 20 டாலர் கிட் கடை அலமாரியிலிருந்து போனதுதான் வருத்தம்.

சரி, விலை ஏன் ஏறியது என்பதற்கு வருகிறேன்.

நாம்தான் கேட்டோம் என்பது முதல் காரணம். நீலப் பெட்டிக் காலத்தில் ஒரே சரக்குப் பெட்டி உடலை வைத்துக்கொண்டு அதற்குப் பல ரயில்வே கம்பெனிகளின் வண்ணம் பூசி விற்றார்கள். நிஜத்தில் அவற்றில் பல கம்பெனிகளிடம் அந்த மாதிரிப் பெட்டி இருந்ததே கிடையாது. யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அப்புறம் ரசனை மாறியது. இன்ன ரயில்வேயின் இன்ன எண் இன்ஜின், இந்த வருஷத்தில் அதன் முகப்பு விளக்கு எங்கே இருந்தது, ஹாரன் எந்தப் பக்கம், காற்றுக்குழாய் எத்தனை என்று பார்த்துப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தோம். ராபிடோ, ஸ்கேல்ட்ரெய்ன்ஸ் மாதிரி கம்பெனிகள் அதைச் செய்தும் காட்டின. பார்க்க அற்புதமாக இருக்கிறது, மறுக்கவே முடியாது. ஆனால் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் பிளாஸ்டிக்கை வார்க்கிற தனி அச்சு வெட்ட வேண்டும், ஒவ்வொரு மெல்லிய கைப்பிடிக் கம்பியையும் ஒரு தொழிலாளி கையால் பொருத்த வேண்டும்.

அச்சுதான் இதில் பெரிய செலவு. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு அச்சுத் தொகுதிக்கு ஒரு லட்சம் டாலர் ஆகிறது. அதில் 20,000 வண்டி வார்த்தால் வண்டிக்கு 5 டாலர் அச்சுக்கூலி. 2,000 மட்டும் வார்த்தால் 50 டாலர். முன்பு ஒரே அச்சில் பல வருஷம் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு ஒரே ஒரு தடவை வார்த்து, விற்று முடித்து, அடுத்த மாடலுக்குப் போய்விடுகிறார்கள். வாங்குகிற கூட்டமும் முன்பு போல இல்லை, வயதானவர்கள் அதிகம், புதிதாக வருகிறவர்கள் குறைவு. கூட்டம் சின்னதாக ஆக, தலைக்கு விழும் செலவு கூடுகிறது. செலவு கூடக் கூட, புதியவர் உள்ளே வரத் தயங்குகிறார். இந்தச் சுழல்தான் எனக்குக் கவலை தருகிறது.

அடுத்தது மின்னணு. பழைய முறையில் தண்டவாளத்துக்கு எவ்வளவு வோல்ட் கொடுக்கிறோமோ அந்த வேகத்தில் அதன் மேல் இருக்கிற எல்லா இன்ஜினும் ஓடும். தொண்ணூறுகளில் ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ டிசிசி என்ற பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே மின்சாரம், அதன் மேலேயே கட்டளையும் போகும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கிற டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜினைத் தனித்தனி வேகத்தில் ஓட்டலாம். அப்புறம் ஒலி சேர்ந்தது. உண்மையான இன்ஜினில் பதிவு செய்த டீசல் உறுமலும் மணியும் ஹாரனும் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வரும். கேட்டுப் பழகிவிட்டால் ஊமை இன்ஜின் பிடிக்காது, அது உண்மைதான். ஆனால் அந்த ஒலி டிகோடர் ஒன்றே தனியாக வாங்கினால் நூறு டாலருக்கு மேல். அதே இன்ஜின் ஒலி இல்லாமல் வரும்போது விலை ஏறத்தாழ நூறு டாலர் குறைவதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் பார்த்த 320-ல் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சின்ன சர்க்யூட் போர்டுக்குப் போகிறது.

மூன்றாவது சீனா. 1987-ல் ஹாங்காங்கின் கேடர் நிறுவனம் பழைய அமெரிக்கக் கம்பெனியான பாக்மேனை வாங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக உற்பத்தியைச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். நான் மேலே சொன்ன அந்த நுணுக்கமான கைவேலை கட்டுப்படியானதே அங்கே கூலி குறைவாக இருந்ததால்தான். அந்தக் காலம் முடிந்துவிட்டது. கூலி ஏறியது, கூடவே நாணயமும் ஏறியது. 2005 ஜூலை வரை ஒரு டாலருக்கு 8.28 யுவான் என்று கட்டிவைத்திருந்தார்கள், 2014 தொடக்கத்தில் அது ஏறத்தாழ 6.05 ஆகிவிட்டது. தொழிற்சாலை ஒரு பைசா கூட்டாமல் அதே 828 யுவானுக்குக் கொடுத்தாலும், 100 டாலருக்கு வந்த சரக்கு 137 டாலராகிவிடும். 2021-ல் கப்பல் கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியது. அதுவும் தணிந்த பிறகு 2025-ல் இறக்குமதி வரி. அதுவரை பொம்மை, மாடல் ரயில் வகைக்கு அமெரிக்காவில் சுங்க வரியே கிடையாது. பிப்ரவரியில் 10 சதவீதம், மார்ச்சில் 20, ஏப்ரலில் சீனச் சரக்குக்கு 145 வரை போய், மே மாதம் 30-க்கு இறங்கியது. கப்பலில் சரக்கு வந்துகொண்டிருக்கும்போதே வரி மாறினால் ஒரு சின்னக் கம்பெனி என்ன விலை போடும்? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் சிறிய கம்பெனிகள், பத்து இருபது பேர் வேலை செய்கிற இடங்கள். அவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒரு பழக்கத்தை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன், அது முன்பதிவு. ஒரே தடவை மட்டும் வார்ப்பதால், "இப்போதே சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது" என்று ஆகிவிட்டது. அந்தப் பயத்தில் தேவை இல்லாததையும் வாங்குகிறோம். நானும் ஒரு கம்பெனியிடம் ஒரு இன்ஜினுக்குச் சொல்லிவைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன், வருவதற்குள் விலையை ஒரு முறை ஏற்றினார்கள், கடைசியில் வந்ததில் ஒரு படிக்கட்டு ஒடிந்திருந்தது, மாற்றித்தரச் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நிறுத்தினேன். அலமாரியைத் திறந்து பார்த்தால் பெட்டியைவிட்டு வெளியே எடுக்காத இன்ஜின்கள் ஏழு இருந்தன. என் லேஅவுட்டில், அதாவது வீட்டில் கட்டிவைத்திருக்கிற ரயில் அமைப்பில், ஒரே நேரத்தில் நான் ஓட்டுவது இரண்டு.

இந்த ஏழும் இரண்டும்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம். தயாரான ரயிலின் விலை நிஜமாகவே ஏறியிருக்கிறது. அதைவிட அதிகமாக, நாம் செய்வதைக் குறைத்து வாங்குவதைக் கூட்டிவிட்டோம். மாதம் ஒரு கிட் வாங்கி அதிலேயே நாலு ஞாயிற்றுக்கிழமை போக்கியவர்கள், இன்று அதே நேரத்தில் மூன்று பெட்டி பிரித்துவிட்டு நாலாவதைத் தேடுகிறார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் கிட் கட்டுவது எவ்வளவு மலிவு என்று தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நாலுக்கு எட்டு அடி ப்ளைவுட் பலகை, அதன் மேல் வட்டமாக ஒரு தண்டவாளம், இதுதான் எல்லோரும் முதலில் நினைப்பது. ரயில் சுற்றும், ஒரு வாரத்தில் பையனுக்குச் சலித்துவிடும், சலித்ததும் இன்னொரு இன்ஜின் கேட்பான். அதற்குப் பதிலாக இங்கிள்நூக் என்ற ரயில் புதிர் செய்யுங்கள். ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் ஆர்வலர் கொடுத்த யோசனை இது. மூன்று கிளைத் தண்டவாளம், தடத்தை மாற்றிவிடுகிற பாயிண்ட் இரண்டே இரண்டு, ஒரு இன்ஜின், எட்டு சரக்குப் பெட்டி. நீளமான கிளையில் ஐந்து பெட்டி நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று, இன்ஜின் முன்னும் பின்னும் போகிற வாய்த்தடத்தில் இன்ஜினோடு மூன்று பெட்டிக்குத்தான் இடம். எட்டுப் பெட்டிக்கும் சீட்டு எழுதிப் போட்டு ஐந்தை எடுங்கள், எடுத்த வரிசையிலேயே ஐந்தையும் நீளமான கிளையில் கோக்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுத்தால் 6,720 விதம். என் வீட்டில் பெரிய லேஅவுட் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் புத்தக அலமாரி மேல் இப்படி ஒன்றும் இருக்கிறது. வேலை முடிந்து வந்து நான் முதலில் தொடுவது அதைத்தான். எச்ஓவில் நாற்பதடிப் பெட்டி ஐந்தரை அங்குல நீளம்தான், அதனால் ஆறடி நீளம் ஓரடி அகலம் போதும். வாடகை வீட்டிலும் வைக்கலாம்.

இதற்கு ஒரே ஒரு இன்ஜின்தான் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அது மெதுவாக, தடுக்காமல் ஓடினால் போதும். புதிதாக வாங்கினாலும் ஒலி இல்லாத சின்ன ஷண்டிங் இன்ஜின் (பெட்டிகளை இழுத்துத் தள்ளி வரிசைப்படுத்துவது) வாங்குங்கள், டிகோடர் பிற்பாடு போட இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எட்டுப் பெட்டிகளுக்குப் பழைய சரக்குப் பக்கம் போங்கள். அமெரிக்காவில் இப்போது பழைய சரக்கு ஏராளமாக வருகிறது. அறுபது எழுபது வருஷம் சேர்த்தவர்கள் காலமாகிறார்கள், குடும்பத்தாருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை, மேஜை மேஜையாக விற்பனைக்கு வருகிறது. மாசசூசெட்ஸில் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆம்ஹர்ஸ்ட் ரயில்வே சங்கம் நடத்துகிற ரயில் கண்காட்சிக்கு ஒருமுறை மகனைக் கூட்டிப்போங்கள், நான்கு பெரிய கட்டடங்கள் நிறைய ரயில். அங்கே மேஜைக்கு அடியில் வைத்திருக்கிற அட்டைப்பெட்டிகளைக் குனிந்து கிளறுங்கள். நான் மேலே ஏங்கிச் சொன்ன அந்த நீலப் பெட்டிகள், சில சமயம் பிரிக்காமலேயே, அங்கேதான் இருக்கும். ஒரு தயாரான புதுப் பெட்டியின் விலைக்கு ஐந்தாறு அள்ளிக்கொண்டு வரலாம்.

பழைய இன்ஜின் வாங்கினால் விற்கிறவர் மேஜையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அநேகமாக எல்லோரும் ஒரு துண்டுத் தண்டவாளம் வைத்திருப்பார்கள். சீராக "டக், டக்" என்று துள்ளினால் சக்கரங்களை இணைக்கிற அச்சுத்தண்டில் இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது, மாற்றலாம் என்றாலும் முதல் இன்ஜினாக அது வேண்டாம். பழைய பெட்டிகளின் கொக்கி மாதிரி இருக்கும் கப்ளரைக் கழற்றிவிட்டு கேடி என்ற கம்பெனியின் கப்ளர் போடுங்கள், பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போடுங்கள். இந்த இரண்டில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பல லேஅவுட்டுகள் கைவிடப்படுவதற்குக் காரணம் வண்டி தடம் புரள்வதும் தானாகக் கழன்றுகொள்வதும்தான். பாயிண்டும் அப்படித்தான், இரண்டே இரண்டு வாங்கப்போகிறீர்கள், நல்லதாகப் புதிதாக வாங்குங்கள்.

ஒரு கிட்டாவது புதிதாக வாங்கிக் கட்ட வேண்டும் என்றால் ஆக்யுரெயில் என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி இன்னும் அந்தப் பழைய பாணியில் சரக்குப் பெட்டிக் கிட் விற்கிறது.

டிசிசிக்குப் போகும் ஆசை வரும்போது கடையில் பெரிய கன்ட்ரோலர் பெட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டிசிசி-ஈஎக்ஸ் என்று ஆர்வலர்களே சேர்ந்து இலவசமாகக் கொடுக்கிற மென்பொருள் இருக்கிறது. ஆர்டுயினோ மெகா என்ற சின்னக் கணினிப் போர்டும், அதன் மேல் தண்டவாளத்துக்கு மின்சாரம் அனுப்ப மோட்டார் ஷீல்டு என்ற இன்னொரு போர்டும் இருந்தால் அதுவே கட்டளை நிலையம். கணினியில் ஜேஎம்ஆர்ஐ என்ற மாடல் ரயில் மென்பொருளைப் போட்டுக்கொண்டால், அதுவும் இலவசம், கைபேசியையே கன்ட்ரோலராக வைத்து ஓட்டலாம். பத்து வயதுப் பையன் அப்பாவோடு உட்கார்ந்து இதைச் செய்தால் ரயிலோடு சேர்த்து எலக்ட்ரானிக்ஸும் கற்றுக்கொள்வான். விலையேற்றம் பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை: கட்டுப்படுத்தும் கருவி இன்றைக்கு இருக்கிற மாதிரி மலிவாக ஒருபோதும் இருந்ததில்லை.

இயற்கைக் காட்சிக்கு ஹாபி கடையே வேண்டாம். வீட்டு உபகரணக் கடையில் வெப்பத்தடுப்புக்கு விற்கிற இளஞ்சிவப்பு ஃபோம் பலகை, அதைக் கத்தியால் சீவினால் மேடு பள்ளம். தோட்டத்து மண்ணை வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, காந்தத்தை ஒருமுறை ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிட்டு, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒட்டினால் அதைவிட நிஜமான தரை கிடையாது, நிஜத் தரையே அதுதானே. காய்ந்த செடிக் கொத்துகள் மரமாகும். கலிபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் என்ற புகைப்படக்காரர் தரையிலிருந்து கூரை வரை எழுப்பிய மலைகளை, 1973-ல் அவர் இறந்த சில நாட்களில் அந்த லேஅவுட்டே தீயில் போய்விட்ட பிறகும், இன்றுவரை படத்தில் பார்த்து ஏங்குகிறோம். அந்த மலைகள் பிளாஸ்டர்தான்.

இடமே இல்லை என்றால், எச்ஓவைவிடச் சின்னதான 'என்' (N) ஸ்கேலில் டி-ட்ராக் பாருங்கள். ஜப்பானில் தோன்றிய முறை. ஏறத்தாழ ஒரு அடி அகலப் பெட்டி ஒன்றை வீட்டில் செய்து, கண்காட்சி நாளில் மற்றவர்களின் பெட்டிகளோடு மேஜை மேல் கோத்துவிடுவார்கள். உங்கள் செலவு ஒரு அடிக்குத்தான், ஆனால் ரயில் ஹால் முழுக்க ஓடும். பக்கத்தில் கிளப் இருந்தால் ஒருமுறை போய் எட்டிப் பாருங்கள். சின்னப் பையன் ஒருவன் உள்ளே வந்துவிட்டால் அங்கே இருக்கிற பெரியவர்கள் படுகிற சந்தோஷத்தை நான் பார்த்திருக்கிறேன். கையில் இரண்டு பெட்டியும் ஒரு கட்டுத் தண்டவாளமும் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள்.

ஆக, முதல் மாதம் இரண்டு பாயிண்ட், கொஞ்சம் தண்டவாளம், ஒரு பலகை, ஒரு எளிய இன்ஜின், கண்காட்சியில் அள்ளிய எட்டுப் பழைய பெட்டி. அந்த 320 டாலர் இன்ஜின் ஒன்றின் விலைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும், கொஞ்சம் தேடினால் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சத்தில் கப்ளர் உயரம் பார்க்கிற கேடி அளவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எட்டுப் பெட்டிக்கும் கப்ளர் மாற்றப்போகிறீர்கள், ஒரு பெட்டி கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் பாயிண்டில் இடித்துக் கழன்றுவிடும். பையனையே ஒவ்வொரு பெட்டியாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.